மலையில் தீயணைப்பு வண்டி மாடல் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிட் பெட்டி வாங்காமல், பிளாஸ்டிக் தகடு, பித்தளைக் கம்பி, ரெசின் (அச்சில் ஊற்றினால் இறுகும் பிசின்) வைத்துத் தீயணைப்பு வண்டி மாடலை முழுக்கக் கையாலேயே கட்ட விரும்புகிறவர்களுக்காக எழுதியது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், கொடைக்கானல் என்று மலையில் இருந்து செய்கிறவர்களை மனதில் வைத்திருக்கிறோம். சமவெளியில் எழுதப்பட்ட குறிப்புகளில் வரும் காயும் நேரமும் பெயின்ட் முறையும் ரெசின் தேர்வும் இங்கே அப்படியே பலிக்காது. குளிரும் ஈரமும்தான் காரணம். வேறு சொல்லாத இடங்களில் அளவுகள் எல்லாம் 1:24 ஸ்கேலுக்கு, அதாவது உண்மை அளவில் 24-ல் ஒரு பங்கு.

எந்த வண்டியைப் பார்த்துச் செய்யலாம்?

உங்கள் ஊர் நிலையத்தில் நிற்கும் வாட்டர் டெண்டரையே (தண்ணீர்த் தொட்டியும் பம்பும் உள்ள தீயணைப்பு வண்டி) எடுங்கள். வெளிநாட்டு வண்டிக்கு இணையத்தில் ஆயிரம் படம் கிடைக்கும். ஆனால் பம்ப் பெட்டிக்குள் வால்வு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று போய்ப் பார்க்க முடியாது. நம் வண்டிகளில் பெரும்பாலானவை டாடா அல்லது அசோக் லேலண்ட் சேஸிஸ் (அடிச்சட்டம்) மேல் பாடி கட்டியவை. அதில் பழைய வண்டிகளுக்குக் கேபினும் கையால் கட்டியதாக இருக்கும். தகடு பெரும்பாலும் தட்டை, வளைவு குறைவு. முதல் மாடலுக்கு அதைவிட நல்ல வண்டி கிடையாது.

ஒன்றை மட்டும் கறாராக வையுங்கள்: ஒரே வண்டி, ஒரே காலத்துத் தோற்றம். ஒரு வண்டியின் கேபினையும் இன்னொன்றின் பின்பக்கத்தையும் சேர்த்தால், பார்க்கிற தீயணைப்பு வீரர் முதல் பார்வையிலேயே சொல்லிவிடுவார்.

நிலையத்தில் அளவெடுக்க விடுவார்களா?

நிலைய அலுவலரிடம் நேரில் போய், என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லி அனுமதி கேளுங்கள். பழைய வேலை ஏதாவது இருந்தால் எடுத்துப் போய்க் காட்டுங்கள். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் துறைமுக வெடிவிபத்தில் உயிரிழந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக அனுசரிக்கப்படுவது. அந்த வாரத்தில் செயல்விளக்கம் நடப்பதால் கருவிகளை வெளியே எடுத்து வைத்த நிலையில் பார்க்கலாம்.

101-க்கு அழைப்பு வந்தால் வண்டி அந்த நொடியே கிளம்பும். எனவே வண்டி மேல் டேப்பையோ பையையோ வைக்காதீர்கள். எந்தக் கதவையும் நீங்களாகத் திறக்காதீர்கள். எடுக்க வேண்டிய அளவுகளை வீட்டிலேயே வரிசையாக எழுதிக்கொண்டு போனால் வேலை சீக்கிரம் முடியும்.

எந்தெந்த அளவு கட்டாயம் வேண்டும்?

முன் அச்சு மையத்திலிருந்து பின் அச்சு மையம் வரை (வீல்பேஸ்), மொத்த நீளம், அகலம், தரையிலிருந்து கேபின் கூரை உயரம், பாடி மேல்விளிம்பின் உயரம், முன்பம்பரிலிருந்து முன் அச்சு, பின் அச்சிலிருந்து பாடி முடிவு, சேஸிஸ் சட்டத்தின் உயரமும் இரு சட்டங்களுக்கு இடையேயான அகலமும், ஒவ்வொரு ஷட்டரின் அகலமும் உயரமும். இவை இருந்தால் மீதியைப் படத்திலிருந்து கணக்கிடலாம்.

டயர் விட்டத்தை மேலிருந்து கீழாக எடுக்கக் கூடாது. தண்ணீர் நிரம்பிய வண்டியின் டயர் அடியில் நசுங்கியிருக்கும். அளவு குறைவாக வரும். அச்சு மட்டத்தில் முன்னிருந்து பின்னாக எடுங்கள். டயர் ஓரத்தில் அச்சடித்த எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 10.00-20 என்றால் விட்டம் சுமார் 1,050 மி.மீ., 9.00-20 என்றால் சுமார் 1,018 மி.மீ. 1:24-ல் முறையே 43.8, 42.4 மி.மீ. ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான வித்தியாசம் சின்னதாகத் தெரியும். மட்கார்டு வளைவுக்குள் உட்கார வைக்கும்போது கண்ணில் படும்.

படத்திலிருந்து அளவு எடுப்பது எப்படி?

வண்டிக்கு நேர் பக்கவாட்டில், அச்சு உயரத்தில் கேமராவைப் பிடித்து, முடிந்த தூரம் தள்ளி நின்று, ஜூம் செய்து எடுங்கள். கிட்டே நின்று அகலமாக எடுத்தால் வண்டியின் நடு உப்பி, இரு முனையும் சுருங்கித் தெரியும். மலை நிலையங்களில் முற்றம் குறுகல், பின்னால் போக இடம் இருக்காது. அப்போது பாடிக்கு இணையாக நகர்ந்துகொண்டே நாலைந்து துண்டாக எடுத்து, துண்டு துண்டாகவே அளவெடுங்கள். எல்லாவற்றையும் ஒட்டி ஒரே படமாக்க வேண்டாம்.

அச்சிட்ட படத்தில் டயர் 21 மி.மீ. இருக்கிறது, உண்மையில் 1,050 மி.மீ. என்று வையுங்கள். படத்தின் ஒரு மில்லிமீட்டர் உண்மையில் 50. அதை 24-ஆல் வகுத்தால் 2.08. படத்தில் எந்த அளவை எடுத்தாலும் 2.08-ஆல் பெருக்குங்கள், மாடல் அளவு வந்துவிடும். டயரும் நீங்கள் அளக்கும் பாகமும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால்தான் கணக்கு செல்லும். கூரை மேல் நடுவில் கிடக்கும் ஏணிக்கு இது சரிவராது.

எந்த ஸ்கேல் நல்லது?

ஏழு மீட்டர் வண்டி 1:24-ல் 29 செ.மீ., 1:32-ல் 22 செ.மீ., 1:43-ல் 16 செ.மீ. விவரம் காட்ட வேண்டும் என்றால் 1:24. குழாய் இணைப்பு, வால்வு கைப்பிடி, தமிழ் எழுத்து எல்லாம் அதில்தான் தெளிவாக நிற்கும். 1:43-ல் ஏணியே பெரும் பாடு.

என்னென்ன பொருள், எவ்வளவு வாங்க வேண்டும்?

ஏ4 அளவு ஸ்டைரீன் (பிளாஸ்டிக்) தகடு: 0.5 மி.மீ. மூன்று, 1 மி.மீ. நான்கு, 2 மி.மீ. இரண்டு. பித்தளைக் கம்பி 0.5, 0.8, 1 மி.மீ. தலா இரண்டு மீட்டர். அச்சுக்கு 3 மி.மீ. பித்தளைக் கம்பி அரை மீட்டர். வளையும் அலுமினியக் கம்பி 4 மி.மீ. அரை மீட்டர். மெல்லிய செம்புக் கம்பி (பழைய ஒயரை உரித்தாலே போதும்). உப்புத்தாள் 220, 400, 600, 1000. கட்டர் பிளேடு ஒரு கட்டு. மழுங்கிய பிளேடால் வெட்டினால் தகட்டின் விளிம்பு மேடு கட்டும், அப்புறம் எந்த மூலையும் சேராது. ஒரு டிஜிட்டல் வெர்னியர். கூடவே ஈரப்பதம் காட்டும் சிறு மீட்டர் ஒன்று. சமவெளியில் இது ஆடம்பரமாக இருக்கலாம், மலையில் அதுதான் உங்கள் காலண்டர்.

வீசி எறிகிற பொருளில் நிறைய கிடைக்கும். காலி ரீபில் குழாய் புகைபோக்கிக்கும் பைப்புக்கும் ஆகும். மாத்திரை அட்டையின் தெளிவான குமிழ் விளக்குக் கண்ணாடிக்கு ஆகும்.

சைன்போர்டு கடையில் கிடைக்கும் சன்போர்டு போதாதா?

மாதிரிக்குப் போதும். 3 மி.மீ. சன்போர்டில் முழு வண்டியையும் ஒருமுறை வெட்டி நிறுத்திப் பாருங்கள்; அளவுத் தவறுகள் அங்கேயே வெளிப்படும். ஆனால் அது நுரை பி.வி.சி.; வெட்டிய விளிம்பில் துளை தெரியும், ஆணி வரிசை போல நுண்மையான வேலை நிற்காது. ஸ்டைரீனைக் கரைத்து ஒட்டும் மாடல் சிமெண்ட் இதைச் சரியாக ஒட்டாது. அட்டையும் எம்.டி.எஃப். பலகையும் ஜூன் மாத ஈரத்தில் ஊதிவிடும், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

எந்தப் பசை எங்கே?

ஸ்டைரீனோடு ஸ்டைரீனுக்கு எம்.இ.கே. (பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் திரவம்) அல்லது மாடல் சிமெண்ட். இணைப்பில் மெல்லிய தூரிகையால் தொட்டால் அதுவே உள்ளே ஓடும். பித்தளையோடு பித்தளைக்கு ஈயப் பற்று. பித்தளையோடு ஸ்டைரீனுக்கு, பாரம் தாங்கும் இடம் என்றால் அரால்டைட் (இரண்டு பகுதியைக் கலந்து ஒட்டும் எபாக்ஸி பசை), மற்ற இடத்தில் சூப்பர் க்ளூ.

இங்கே இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். சூப்பர் க்ளூ காற்றின் ஈரத்தால்தான் இறுகும். ஈரம் மிகுந்த நாளில் அது சட்டென்று பிடித்துவிடும், நகர்த்திச் சரிசெய்ய நேரம் தராது. அதோடு இணைப்பைச் சுற்றி வெள்ளைப் புகை படியும். அரால்டைட் நேர்மாறு. குளிரில் அதன் வினை மெதுவாகிவிடும். 12 டிகிரி அறையில், பெட்டியில் போட்ட நேரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு விடுங்கள்.

மூடிய பெட்டியாகக் கட்டும் பாகங்களில் (தண்ணீர்த் தொட்டி, கேபின் தரை) எம்.இ.கே. ஆவி உள்ளே அடைபட்டால், வாரங்கள் கழித்துத் தகடு உள்வாங்கி வளையும். குளிரில் ஆவி வெளியேறுவது இன்னும் மெதுவு. கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் 3 மி.மீ. துளை இரண்டு போட்டுவிடுங்கள்.

எங்கிருந்து கட்ட ஆரம்பிப்பது?

சேஸிஸ். இரண்டு சட்டங்களையும் தனித்தனியாக வெட்டாமல், இரண்டு பட்டைகளை டேப்பால் ஒட்டி ஒன்றாகவே துளையிடுங்கள். அப்போதுதான் அச்சு இருபுறமும் ஒரே நேர்கோட்டில் வரும். சேஸிஸைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்துக் குறுக்குச் சட்டங்களை ஒட்டுங்கள். மூலைக்கு மூலை அளந்து இரண்டு அளவும் அரை மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போனால்தான் மேலே போக வேண்டும். அதன்பின் ஸ்பிரிங் பட்டை, அச்சு, சக்கரம். நான்கு சக்கரமும் கண்ணாடியில் உட்கார்ந்த பிறகே பாடி. பாடியை முதலில் கட்டிவிட்டுச் சக்கரத்தை அதற்குப் பொருத்தினால் வண்டி ஒரு காலைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கும்.

பம்ப், தொட்டி, கேபின் உட்புறம் இவற்றைப் பெயின்ட் அடித்தபின் மாட்டும்படி தனித்தனியாகக் கழற்றக்கூடியதாக வையுங்கள். திருகு பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ். இரும்புத் திருகு ஒரு மழைக்காலத்தில் துரு கசிந்து பெயின்ட்டைக் கறையாக்கும்.

சக்கரம், டயர் எப்படிச் செய்வது? பொம்மையிலிருந்து எடுக்கலாமா?

விட்டம் சரியாக இருந்தால் எடுக்கலாம். ஆனால் முன்னே இரண்டு, பின்னே நான்கு, ஸ்டெப்னி ஒன்று, ஆக ஏழு வேண்டும். ஏழும் ஒரே மாதிரி கிடைப்பது அரிது. ஒன்றைச் செய்து அச்செடுத்து வார்ப்பதே நல்ல வழி.

2 மி.மீ. ஸ்டைரீன் வட்டங்கள் ஆறை ஒட்டினால் 12 மி.மீ. கனம் வரும், 10.00-20 டயரின் அகலம் ஏறக்குறைய அதுதான். நடுவில் போல்ட் மாட்டி டிரில்லில் பிடித்து, சுழலும்போது 220 உப்புத்தாளால் தோளை உருட்டுங்கள். சுற்றளவை அளந்து பட்டன்களுக்கு (டயரில் தரையைத் தொடும் மேடுகள்) சம இடைவெளியில் குறித்து, முக்கோண அரத்தால் பள்ளம் வெட்டுங்கள். ரிம் தனி அச்சாக இருக்கட்டும். பெயின்ட் அடிப்பது எளிது, இரட்டைச் சக்கரத்தின் உள்குழிவும் சரியாக வரும்.

ஒரு டயர் அச்சுக்கு 80 முதல் 100 கிராம் ஆர்.டி.வி. சிலிகோன் (அறை வெப்பத்தில் ரப்பராக இறுகுவது) போதும். பிளாட்டினம் வகைச் சிலிகோன் என்றால், மூல வடிவத்தைக் கந்தகம் கலந்த களிமண்ணில் பதிக்காதீர்கள். தொட்ட இடமெல்லாம் இறுகாமல் பிசுபிசுவென்றே கிடக்கும்.

ரெசினில்தான் மலைக்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பாலியூரிதேன் ரெசின் சீக்கிரம் இறுகும் என்று எல்லோரும் பரிந்துரைப்பார்கள். ஆனால் அதன் ஒரு பகுதி தண்ணீரோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடு விடும். மூடுபனி நாளில் டப்பாவைத் திறந்து வைத்தாலே ஈரம் ஏறி, வார்ப்பு முழுக்க நுரைக் குமிழாக வந்துவிடும். திறந்த டப்பா அடுத்த முறைக்கு உதவாது. எபாக்ஸி ரெசினை எடுங்கள். ஏழு டயருக்கும் சேர்த்து வீணாவதோடு 120 கிராம் போதும். கறுப்புப் பொடி கலந்தே வாருங்கள். ரெசினை வெதுவெதுப்பான தண்ணீரில் டப்பாவோடு வைத்து இளக்கிக் கலந்தால் குமிழ் தானாக மேலே வரும். எடைத் தராசில் அளந்து கலக்க வேண்டும்; கண் அளவில் ஊற்றினால் இறுகாது.

வார்த்த டயரின் அடியை உப்புத்தாளில் வைத்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தட்டையாக்குங்கள். வண்டிக்கு எடை இருப்பது போலத் தெரியும்.

ஷட்டர், செக்கர் பிளேட், ஆணித் தலை?

ரோலிங் ஷட்டர்: 0.5 மி.மீ. தகட்டில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து, கட்டரின் முதுகுப் பக்கத்தால் கோடு இழுங்கள். இடைவெளியை உங்கள் வண்டியில் பத்துப் பட்டையின் உயரத்தை அளந்து, பத்தால் வகுத்து, 24-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோட்டையும் அழுத்தாமல் மூன்று முறை இழுப்பது ஒரே முறை அழுத்தி இழுப்பதைவிட நேராக வரும்.

செக்கர் பிளேட்டுக்கு (கால் வழுக்காதபடி புடைப்பு வைத்த தகடு) அருமையான பொருள் மருந்துக் கடையில் இருக்கிறது. இருபுறமும் அலுமினியமாக வரும் ஸ்ட்ரிப் மாத்திரை உறையின் ஓரத்தைப் பாருங்கள். சிறு கட்டங்களாகப் பதிந்திருக்கும். அந்தக் கட்டத்தின் அளவு 1:24-க்கு ஏறக்குறைய ஒத்துவரும். அச்சடித்த பக்கத்தை உள்ளே வைத்து, அரால்டைட் மெல்லியதாகத் தடவி, பஞ்சால் ஒற்றி ஒட்டுங்கள். விரலால் தேய்த்தால் புடைப்பு மழுங்கிவிடும்.

ஆணித் தலைக்கு 0.5 மி.மீ. தகட்டின் பின்பக்கத்திலிருந்து மழுங்கிய ஊசியால் அழுத்துங்கள், அடியில் பழைய ரப்பர் செருப்புத் துண்டு. ஸ்கேலை ஓரமாக டேப் போட்டு நிறுத்திக்கொண்டு செய்தால் வரிசை கோணாது.

ஏணி எப்போதும் கோணலாகிறது. என்ன செய்ய?

கையில் பிடித்து ஒட்டுவதுதான் காரணம். ஒரு சட்டம் வேண்டும். நம் வண்டிகளில் போகும் நீட்டு ஏணி 10.5 மீட்டர், இரண்டு பகுதி. படிகளுக்கிடையே சுமார் 30 செ.மீ. என்று வைத்தால் மாடலில் 12.5 மி.மீ. சில்வர் ஓக் பலகைத் துண்டில் கோட்டுத்தாளை ஒட்டி, இரு பக்கக் கம்பியும் நகராதபடி குண்டூசி அடியுங்கள். பக்கத்துக்கு 1 மி.மீ. சதுரப் பித்தளை, படிக்கு 0.8 மி.மீ. உருண்டை.

25 வாட் சால்டரிங் அயர்ன், கொஞ்சம் ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை), அரிசிக் குருணை அளவு ஈயம். முதல் படி, கடைசிப் படி, நடுப் படி என்ற வரிசையில் பற்றவையுங்கள். ஒரு முனையிலிருந்து தொடர்ச்சியாகப் பற்றினால் சூட்டில் ஒரு பக்கக் கம்பி நீண்டு ஏணி வில்லாக வளையும். முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். மிஞ்சிய ஃப்ளக்ஸ் ஈரத்தில் பச்சை பிடித்து பெயின்ட்டைத் தள்ளும்.

குழாய் சுருள் நிஜமாகத் தெரிய?

டெலிவரி குழாய் (பம்பிலிருந்து தண்ணீரைத் தீக்குக் கொண்டுபோவது) 63 மி.மீ. தண்ணீர் இல்லாமல் தட்டையாக மடியும்போது அதன் அகலம் சுற்றளவில் பாதி, அதாவது சுமார் 100 மி.மீ.; மாடலில் 4 மி.மீ. பலர் உருண்டைக் கயிற்றைச் சுருட்டி வைக்கிறார்கள். காலிக் குழாய் உருண்டையாக இருக்காது. 15 மீட்டர் குழாய் மாடலில் 62.5 செ.மீ. வரும். 0.2 மி.மீ. கனமுள்ள 4 மி.மீ. நாடாவை அந்த நீளத்துக்கு வெட்டிச் சுருட்டினால் 12, 13 மி.மீ. விட்டச் சுருள் தானாகவே அமையும். கணக்கு சரியென்று சுருளே சொல்லும்.

பருத்தி நாடா என்றால் நீர்த்த மேட் வார்னிஷில் முக்கிக் காயவைத்துச் சுருட்டுங்கள். இல்லாவிட்டால் ஆகஸ்டில் பூஞ்சை பூக்கும்.

சக்‌ஷன் குழாய்க்கு (தண்ணீரைப் பம்புக்கு உறிஞ்சுவது) 4 மி.மீ. அலுமினியக் கம்பி மேல் 0.4 மி.மீ. செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றிக் கறுப்பு அடித்தால் போதும்.

கண்ணாடி வெள்ளையாகப் புகைந்துவிடுகிறதே?

சூப்பர் க்ளூ. கண்ணாடிக்கு ஃபெவிகால் மட்டுமே. விளிம்பில் பல்குத்தியால் தொட்டு ஓர் இரவு விடுங்கள்.

சிவப்பு எந்தச் சிவப்பு?

இந்தியத் தர வண்ண அட்டை ஐ.எஸ். 5-ல் 536 ஃபயர் ரெட், 537 சிக்னல் ரெட், 538 போஸ்ட் ஆபிஸ் ரெட். பெயின்ட் கடையில் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், பெயரைச் சொன்னால் கையில் இருப்பதைக் கொடுப்பார்கள். வெயிலில் பல வருடம் நின்ற வண்டி அட்டையை விட வெளிறியிருக்கும். அதைக் காட்ட வெள்ளை கலக்காதீர்கள், ரோஸ் ஆகிவிடும். சில துளி ஆரஞ்சு போதும்.

சிவப்பு நன்றாக மறைக்காத நிறம். சாம்பல் ப்ரைமர் மேல் அடித்தால் மங்கும், கறுப்பின் மேல் அரக்காகும். சாம்பலில் பட்டி பார்த்து முடித்ததும், சிவப்புக்கு முன்னால் முழுக்க ஒரு கை வெள்ளை அடியுங்கள். வெள்ளைப் பட்டையும் பம்பரும் இருந்தால் அவற்றை அப்போதே வெள்ளையில் முடித்து டேப் போட்டு மூடிவிட்டுச் சிவப்புக்குப் போங்கள். சிவப்பின் மேல் வெள்ளை அடித்தால் சிவப்பு மேலே கசிந்து வரும்.

என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் மேல் எனாமல் அடிக்கலாம். எனாமல் மேல் லாக்கர் அடித்தால் சுருங்கி எழும்பிவிடும். லாக்கர் தின்னர் ஸ்டைரீனையே அரிக்கும் என்பதால், ப்ரைமர் மேல் முதல் இரண்டு கையும் தூவலாக மட்டும் இருக்க வேண்டும்.

பெயின்ட் பால் போல வெளுத்துவிட்டது. ஏன்?

மலையில் இதுதான் முதல் எதிரி. தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் பனி படிகிறது. தண்ணீர் பெயின்ட்டுக்குள் சிக்கி வெளுக்கிறது. வேகமாக ஆவியாகும் தின்னரில் இது மோசம்.

ஈரமானி 65 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் தைரியமாக அடியுங்கள். 75-க்கு மேல் என்றால் தொடவே வேண்டாம். காலையில் பனி விலகி, பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள் முடிப்பது உத்தமம். மூன்று மணிக்கு மேல் மூடுபனி இறங்கினால் ஜன்னலை மூடினாலும் ஈரம் உள்ளே வந்துவிடும். கடையில் மெதுவாக ஆவியாகும் தின்னர் அல்லது ரிட்டார்டர் (ஆவியாவதைத் தாமதிக்கும் திரவம்) கேட்டு, தின்னரில் பத்தில் ஒரு பங்கு சேருங்கள்.

ஏற்கெனவே வெளுத்திருந்தால் உரிக்க வேண்டாம். உலர்ந்த நாள் பார்த்து, ரிட்டார்டர் கலந்த தின்னரை மட்டும் மெல்லத் தூவினால் மேல்பரப்பு இளகி ஈரம் வெளியேறும், பெரும்பாலும் தெளிந்துவிடும்.

அப்படியானால் எந்த மாதம் அடிப்பது?

ஜனவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை. தென்மேற்குப் பருவமழை கூடலூர், நடுவட்டம், ஊட்டியின் மேற்குப் பக்கத்தைப் பிடிக்கும். வடகிழக்கு, குன்னூர், கோத்தகிரியையும் கொடைக்கானலையும் பிடிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழை திடீரென வரும். ஆகவே ஜூனில் வெட்ட ஆரம்பித்து, மழை மாதங்களில் சேஸிஸ், பாடி, ஏணி, பம்ப் எல்லாவற்றையும் முடித்து, தை பிறந்ததும் பெயின்ட்டுக்கு உட்காருவதுதான் இங்கே சரியான வரிசை. அவசரப்பட்டு நவம்பரில் அடித்தவர்கள் பிப்ரவரியில் உரித்துக்கொண்டிருப்பார்கள்.

உறைபனிக் காலத்தில் ஸ்ப்ரே டப்பாவின் அழுத்தம் குறைந்து, பெயின்ட் துப்பும். கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்துக் குலுக்குங்கள். அடுப்பருகிலோ கொதிநீரிலோ வைத்தால் வெடிக்கும். லாக்கருக்கு 48 மணி நேரம், எனாமலுக்கு ஒரு வாரம் விட்டபின்தான் மேலே டேப் ஒட்டலாம்.

தமிழ் எழுத்தை எப்படி ஒட்டுவது?

வாட்டர்ஸ்லைடு டெக்கால் தாளில் (தண்ணீரில் நனைத்து நகர்த்தி ஒட்டும் தாள்) அச்சிடலாம். வீட்டுப் பிரின்டர் வெள்ளை அச்சிடாது. சிவப்பின் மேல் வெள்ளை எழுத்து வேண்டும் என்றால், வெள்ளை டெக்கால் தாளில் எழுத்தைச் சுற்றிச் சிவப்பை அச்சிட வேண்டும். அந்தச் சிவப்பு வண்டியின் சிவப்போடு ஒத்துப்போவது கடினம். பெரிய எழுத்துக்கு ஸ்டென்சில் வினைல் வெட்டி வெள்ளை தூவுவதே சுத்தம். வண்டியில் 15 செ.மீ. எழுத்து மாடலில் 6 மி.மீ. வரும், ஸ்டென்சில் தாங்கும். ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் 'ணை', 'பு', 'ழ' போன்ற எழுத்துகளின் சுழியும் வளைவும் மையில் அடைபட்டுவிடும். மெல்லிய கோடுள்ள எழுத்துருவாக எடுங்கள். இன்க்ஜெட் அச்சை நீரில் போடுமுன் கிளியர் லாக்கர் இரண்டு கை அடிக்காவிட்டால் மை கரைந்து ஓடும்.

விளக்கு எரிய வைக்க?

3 மி.மீ. எல்.இ.டி., 9 வோல்ட் பேட்டரி. சிவப்புக்கு 680 ஓம், நீலத்துக்கும் வெள்ளைக்கும் 560 ஓம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரெசிஸ்டர். ஒயரைச் சேஸிஸ் சட்டத்துக்குள் ஓட்டுங்கள். பேட்டரி அடிப்பலகையில் இருக்கட்டும், வண்டிக்குள் வைத்தால் கசிந்து கெடுக்கும்.

முப்பரிமாண அச்சு பயன்படுத்தலாமா?

ரிம், குழாய் இணைப்பு, விளக்குக் கூடு இவற்றுக்கு நன்றாக உதவும். ரெசின் பிரின்டர் 25 டிகிரி சூட்டை எதிர்பார்க்கும். ஊட்டியில் ஜனவரி இரவில் ரெசின் கெட்டியாகி, அச்சு தட்டில் ஒட்டாமல் போகும். பகலில் ஓட்டுங்கள். தட்டைப் பலகைகளை அச்சிட வேண்டாம். தகடு வெட்டுவதே நேராக இருக்கும்.

குளிருக்கு ஜன்னலை மூடி, ஹீட்டர் போட்டு வேலை செய்யலாமா?

கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து, அறையின் மறுகோடியில் இருக்கும் கரி அடுப்பையோ ஹீட்டரையோ தொட்டுப் பற்றிக்கொள்ளும். முதலில் அறையைச் சூடாக்குங்கள், ஹீட்டரை அணைத்து வெளியே எடுங்கள், ஜன்னலைத் திறங்கள், பிறகு அடியுங்கள். ஆவி போன பிறகு திரும்பச் சூடாக்கலாம்.

மிஞ்சிய தின்னரைச் சாக்கடையிலோ ஓடையிலோ ஊற்றாதீர்கள். நீலகிரியின் ஓடைகள் பெரும்பாலும் பவானிக்கும் மாயாற்றுக்கும் போகின்றன. ஜாடியில் மூடி வைத்தால் வண்டல் கீழே படியும். மேலே தெளிந்ததைத் தூரிகை கழுவ மறுபடி பயன்படுத்தலாம்.

மழைக்காலத்தில் மாடலை எப்படி வைப்பது?

கண்ணாடிப் பெட்டி, உள்ளே 50 கிராம் சிலிகா ஜெல். நீலம் ரோஸானதும் 110 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மீண்டும் நீலமாகும். சமையலுக்கு எடுக்கும் பாத்திரத்தில் வைக்க வேண்டாம். பெட்டியை வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், சுவர் ஈரம் பின்பக்கம் ஏறும்.

கோவைக்கோ மதுரைக்கோ கண்காட்சிக்கு எடுத்துப் போனால் பாகங்கள் கழன்றுவிடுகின்றன. குலுக்கலா?

குலுக்கல் பாதி, சூடு பாதி. ஸ்டைரீன் சூட்டில் பித்தளையைவிட மூன்று நான்கு மடங்கு நீளும். மேலே 15 டிகிரியில் ஒட்டிய 29 செ.மீ. பாடி, கீழே 35 டிகிரியில் ஏறக்குறைய 0.4 மி.மீ. நீளும், அதோடு ஒட்டிய பித்தளைக் கைப்பிடிக் கம்பி 0.1 மி.மீ.தான் நீளும். இரு முனையும் சூப்பர் க்ளூவில் இறுகியிருந்தால் ஒரு முனை தெறித்தே தீரும். நீளமான கம்பிகளை ஒரு முனையில் மட்டும் ஒட்டுங்கள். மறுமுனை அரை மில்லிமீட்டர் ஆழம் கூடுதலான துளைக்குள் சும்மா உட்காரட்டும். ஏணியைத் தாங்கிகளில் வைத்து மெல்லிய கம்பியால் கட்டுங்கள், ஒட்டாதீர்கள்.

பயணத்துக்கு அடிப்பலகையில் இரண்டு திருகால் சேஸிஸை இறுக்கி, பலகையைப் பெட்டியில் இறுக்குங்கள். பஞ்சோ நுரையோ பாடியைத் தொடக்கூடாது. கொண்டையூசி வளைவுகளில் அதுவே உரசி விளக்கையும் கண்ணாடியையும் பிடுங்கும். பெட்டியைக் காரின் டிக்கியில் வெயிலில் விடாதீர்கள். 70 டிகிரியை நெருங்கினால் தகடு இளகிவிடும். கீழே போனதும் பெட்டியை உடனே திறக்காமல் ஒரு மணி நேரம் விடுங்கள். குளிர்ந்த மாடல் மேல் சூடான காற்றின் ஈரம் படிந்தால், புதிதாக ஒட்டிய டெக்காலின் ஓரம் எழும்பும்.